வாசலில் நின்ற ழுலியேத்

பாண்டிச்சேரி பஸ் என்னைக் காரைக்காலில் இறக்கிவிட்டபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள். 1986-ஆம் வருஷம், நவம்பர் மூன்றாம் தேதி. பூவம் தாண்டியதிலிருந்து மழை பஸ்ஸுக்குள்ளும் பெய்துகொண்டேதான் வந்தது. நான் தலையோடு காலாக நனைந்திருந்தேன். சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பாஸ்போர்ட் மட்டும் நனையவில்லை. அது என் தங்கை ழுலியேத்தினுடையது.

ழுலிக்கு இருபது வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிரான்சில், மர்சே நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜனவரி மாதம் அறுவைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இந்த மழைக்காலத்தை மட்டும் அவள் தாண்டிவிட்டால் போதும் என்று டாக்டர் தியாகராசன் சொல்லியிருந்தார். அம்மாவும் நானும் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளினோம்.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வாங்கியது. உயரமான கூரை, பச்சைச் சாயம் போன ஜன்னல் கதவுகள், மழை வந்தால் வேர்க்கிற சுவர். உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும், காய்ச்சலுக்கு நெற்றியில் தடவுகிற ஓதெகொலோன் வாசனையும் சேர்ந்து வந்தன. ழுலி கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் மடியில் எமிலின் கடிதம் கிடந்தது.

எமில் எங்கள் பெரியப்பா மகன். மர்சேயில் வேலை. அங்கே வீட்டுத் தொலைபேசியோடு சேர்த்து ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். பெட்டியில் எழுத்துத் தட்டினால் கண்ணாடியில் தெரியும், பிரான்சில் வேறு எங்கேயோ இருக்கிறவனும் அதை உடனே படிப்பான். அந்தப் பெட்டியில் ஒரு விளையாட்டு. ஒரு கோட்டை, அதில் முகம் தெரியாத ஐம்பது அறுபது பேர், ஆளுக்கு ஒரு வேஷம். எமில் விளையாடியதைக் கடிதத்தில் எழுதப்போய் ழுலிக்கும் ஆசை வந்துவிட்டது. அவள் என்ன செய்ய வேண்டும் என்று இங்கிருந்து எழுதுவாள், பன்னிரண்டு நாள் கழித்து அவன் அங்கே தட்டுவான். இப்படி ஒரு ஆட்டத்தை யாராவது ஆடுவார்களா என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஆனால் கட்டிலைவிட்டு இறங்க முடியாத பெண்ணுக்கு அந்தக் கோட்டையில் நடக்க இடம் இருந்தது.

செப்டம்பரில் அவளுடைய வேஷம், ஒரு மருத்துவச்சி, கோட்டைப் படியில் விழுந்து செத்துப்போயிருந்தாள். இப்போது புது வேஷம் எடுக்க வேண்டும். மறுபடி மருத்துவச்சியாகவே வரலாம். அல்லது வாம்பீராக வரலாம். ரத்தம் குடிக்கிற பிணம், நம் ஊரில் சொல்வதென்றால் ரத்தக் காட்டேரி. அதற்கான படிவத்தைப் பெட்டியில் வந்தபடியே எமில் கையால் எழுதி அனுப்பியிருந்தான். விதி ஒன்றே ஒன்றுதான் கீழே எழுதியிருந்தது. வாம்பீர் யார் வீட்டு வாசலுக்கும் வரலாம், ஆனால் உள்ளே இருக்கிறவர் கூப்பிடாமல் நிலைப்படியைத் தாண்ட முடியாது.

அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. கல்லறைத் திருநாள் முடிந்து மறுநாள் வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று சிலுவை போட்டுக்கொண்டாள். ழுலி சிரித்தாள். இந்த ஊரில் ஒருத்தி சாமியிடமே பேய் வடிவம் கேட்டு வாங்கியிருக்கிறாள், அவளுக்கு வருஷா வருஷம் மாம்பழம் இறைக்கிறார்கள், நான் காகிதத்தில் ஆகக்கூடாதா என்று கேட்டாள். அம்மா அடுப்படிக்குப் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்கு மூச்சு வாங்காதாம்ணா."

படிவத்தைக் கொடு, நான் நிரப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராணுவ சேவைக்குப் பிரான்சிலிருந்து அழைப்பு வரும்வரை எனக்கு இருந்த ஒரே வேலை, ஊரில் எங்களைப் போல் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. இறந்துபோன அப்பாவிடம் கற்ற வேலை. எங்கள் வீட்டில் பிரெஞ்சில் ஒரு காகிதம் வந்தால் அது விளையாட்டுக் காகிதமாக இருக்க முடியாது. பெரிய எழுத்தில், நீல மையில், உண்மையை மட்டும் எழுத வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக விடக்கூடாது. ஒன்று விட்டால் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும். பத்து வருஷமாக அப்படியே பழகிய கை.

மற்றவர்கள் அந்தக் கோட்டையில் பொய்ப் பெயரோடு திரிந்தார்கள். நான் அவள் ஞானஸ்நானப் பெயர் முழுவதையும் எழுதினேன். பிறந்த தேதி, பிறந்த நேரம், வீட்டு எண், தெரு, ஊர். அடுத்த கட்டத்தில் இறந்த நாள் என்று இருந்தது. ழுலியைக் கேட்டேன். எனக்கென்ன தெரியும், நீயே ஒன்று போடு என்றாள். கையெழுத்துத் தேதிக்குப் பிந்திய நாளாக இருந்தால் சிக்கல் வராது என்று நினைத்து நவம்பர் 21 என்று எழுதினேன். கதவைத் திறப்பவர் என்ற கட்டத்தில் என் பெயர், தெனிஸ். அவள் கையெழுத்துப் போட்டாள்.

நான் சொன்னதும் அனுப்பு, இன்னும் முடிவு பண்ணவில்லை என்று படிவத்தை என்னிடமே கொடுத்தாள்.

நாலு நாள் அவள் முடிவு பண்ணவில்லை. மருத்துவச்சியா, வாம்பீரா என்று புரண்டு புரண்டு யோசித்தாள். ஐந்தாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"வேணாம்ணா. மூச்சு வாங்கினாலும் பரவால்ல. மருத்துவச்சியாவே இருக்கேன்."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? படிவத்தை நிரப்பிய மறுநாளே தபாலில் போட்டுவிட்டிருந்தேன். நிரப்பிக் கையெழுத்தான காகிதம் வீட்டில் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவ்வளவுதான் காரணம், வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை. அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை. விளையாட்டுதானே என்று இருந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த பாவங்களில் அதுதான் பெரியது.

பதினைந்தாம் தேதி காய்ச்சல் மறுபடி வந்தது. பதினேழாம் தேதி அவளுக்கு உதடு நீலம் பூத்தது. எனக்குப் படிவத்தில் போட்ட தேதி மனசுக்குள் உறுத்த ஆரம்பித்தது. படித்தவன், இதையெல்லாம் நம்பலாமா என்று என்னையே திட்டிக்கொண்டு, கால் மட்டும் தந்தி ஆபீசுக்கு நடந்தது. படிவத்தைப் பெட்டியில் ஏற்ற வேண்டாம் என்று எமிலுக்குத் தந்தி கொடுத்தேன்.

இருபதாம் தேதி பதில் தந்தி வந்தது. ஏற்றியாகிவிட்டதாம். விளையாட்டை நடத்துகிறவருக்கு ரொம்பச் சந்தோஷமாம். இவ்வளவு முழுமையாக இதுவரை யாருமே நிரப்பியதில்லை என்றாராம். வீட்டு வாசல் எந்தத் திசை என்று மட்டும் கேட்டாராம், கிழக்கு என்று எமில் சொல்லிவிட்டானாம்.

தந்தியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஈரக் காகிதம், எரிய மறுத்தது.

மறுநாள் இருபத்தொன்று. வெள்ளிக்கிழமை.

விடிந்ததிலிருந்து மழை ஒரே சீராகப் பெய்தது. அரசலாற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். நாலு மணிக்கு டாக்டர் தியாகராசன் வந்து நாடி பார்த்தார். ஊசி போட்டார். என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், சாமியாரை வரச் சொல்வதானால் சொல்லிவிடுங்கள் என்றார். எதிர்வீட்டு ஆஸியா பீவி குடையை எடுத்துக்கொண்டு சாமியாரைக் கூப்பிடத் தானே கோயிலுக்கு ஓடினாள்.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.

அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தாள். நான் கூடத்தில் நின்றேன். அறைக்குள் போகவும் தைரியம் இல்லை, விலகிப் போகவும் மனசு வரவில்லை. ழுலியின் மூச்சு அங்கேவரை கேட்டது. இழுத்து, நின்று, இழுத்து. கூரையிலிருந்து தண்ணீர் முற்றத்தில் விழுகிற சத்தம். அம்மாவின் முணுமுணுப்பு. இந்த மூன்றும்தான் உலகத்தில் இருந்தன.

பிறகு இரண்டுதான் இருந்தன.

மூச்சு நின்றுவிட்டது.

அம்மா ஜெபத்தைப் பாதியில் விட்டு அவள் பெயரைச் சொன்னாள். இன்னொரு தரம் சொன்னாள்.

அப்போது தெருவாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

சாமியார் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

வாசலில் ழுலி நின்றாள்.

கட்டிலில் அணிந்திருந்த அதே வெள்ளைக் கவுன். மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தெருவில் முழங்கால்வரை தண்ணீர் ஓடியும் அவள் நேராக, திடமாக நின்றாள். சேற்றுவாடைக்கு நடுவில் ஓதெகொலோன் மணத்தது. முகத்தில் நீலம் இல்லை. மூச்சு வாங்கவில்லை.

மூச்சே இல்லை. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"அண்ணா," என்றாள். "உள்ள வரட்டுமா?"

விதி எனக்குத் தெரியும். என் கையால் நிரப்பிய காகிதம். கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் பின்னால் அறையில் என் தங்கை செத்துக் கிடந்தாள், முன்னால் உயிரோடு நின்றாள். எது வந்தாலும் சரி, அவள் முகத்தோடு ஒன்று இந்த வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியது. நான் யோசித்தது அவ்வளவுதான்.

வா என்றேன்.

என்னை உரசிக்கொண்டு ஈரக்காற்று ஒன்று உள்ளே போனது. கூடத்துத் தரையில் ஈரப் பாதம் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே அறைப் பக்கம் நகர்ந்தது. பாதத்துக்கு மேலே யாரும் இல்லை.

அறைக்குள் அம்மா அழுதாள். அது சந்தோஷ அழுகை. ஓடினேன். ழுலியின் நெஞ்சு ஏறி இறங்கியது. காய்ச்சல் விட்டு நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். குனிந்தேன். அவள் உதடு என் காதில் பட்டது, வெதுவெதுப்பாக இருந்தது.

"வாசல்ல என் குரல்ல பேசுனது யாருண்ணா? உள்ள விட்டுடாதே."

அவள் சாகவே இல்லை. மூச்சு ஒரு நிமிஷம் தவறியிருக்கிறது, போட்ட ஊசி அப்போதுதான் வேலை செய்திருக்கிறது. நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்.

ஈரப் பாதங்கள் அலமாரி மூலைவரை போய், எங்களைப் பார்த்துத் திரும்பி, அங்கேயே நின்றிருந்தன.

அதன் பிறகு அந்த மூலை காயவே இல்லை. மழை நின்று, டிசம்பர் வெயில் அடித்து, ஜன்னலைத் திறந்து வைத்தும் காயவில்லை. ழுலி எழுந்து உட்கார்ந்தாள், கஞ்சி குடித்தாள், சுவரைப் பிடித்து நடந்தாள். மாதா செய்த புதுமை என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். ஆனால் பத்து நாளில் அவள் முகம் வெள்ளைத் தாளாக வெளுத்தது. இதயத்துடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ரத்தம் மட்டும் ஏன் இப்படிக் குறைகிறது என்று டாக்டர் குழம்பினார். அவள் முழங்கையின் உட்புறம் சின்னதாக ஒரு புண் இருந்தது, கொசு கடித்தது என்றாள். சொல்லும்போது மூலையைப் பார்க்காமல் சொன்னாள்.

அம்மா அந்தப் புண்ணைப் பார்த்தாள். அன்று மாலை ழுலியின் கட்டிலை என் அறைக்கு மாற்றச் சொன்னாள். தன் பாயை காலியான அந்த அறைக்குள் விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் ழுலியின் கன்னத்தில் ரத்தம் ஓடியது.

அம்மா வெளுத்தாள்.

அடுப்படியில் தனியாக இருந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். புடவைத் தலைப்புக்குள் மறைத்து, முழங்கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். நான் அழுதுவிட்டேன். படிவத்தை, தந்தியை, வாசலில் சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கொதிக்கிற சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ கூப்ட்டுட்ட," என்றாள். "இனி அது போவாது. எம்புள்ள மூஞ்சிய வச்சிக்கிட்டு பசின்னு நிக்கிது. நீ ழுலிய கூட்டிட்டு கெளம்பு. பின்னாலயே வந்துடாம நான் பாத்துக்கறேன்."

நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவள் அசையவில்லை. ஜனவரியில் ழுலியும் நானும் புறப்பட்டோம். கடல் கடந்து வர அம்மாவுக்குப் பயம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தோம். ழுலி அதை நம்பினாளா என்று தெரியாது. கார் கிளம்பும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அம்மாவுக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தாள்.

மர்சேயில் அறுவை நல்லபடியாக முடிந்தது. ழுலி மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறிக் காட்டிய நாளில் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. நான் ராணுவ சேவையை முடித்துவிட்டு அங்கேயே ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டேன். அம்மாவிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். நலம், நீங்கள் வர வேண்டாம் என்று இருக்கும். எழுத்து மாதத்துக்கு மாதம் நடுங்கியது.

1989 மார்ச்சில் தந்தி வந்தது. ழுலி அப்போது ஏழு மாதம். அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன்.

அடக்கம் முடிந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் கனமே இல்லை என்று சொன்னார்கள். ஆஸியா பீவி சாவியை என் கையில் வைத்தாள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டோமே என்று நான் மருகியதைப் பார்த்து, ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"தனியா எங்க தம்பி இருந்தாங்க? தங்கச்சிக்கிட்ட பேசிக்கிட்டேதானே இருந்தாங்க. அது பதில் சொல்றதும் எங்க வூட்டுக்கு கேக்கும்."

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு மெட்ராஸ் போக வாசலில் கார் வந்து நின்றது. வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னல்களைச் சாத்தினேன். ஒவ்வொரு அறையாகப் பூட்டினேன். அந்த அறையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், உள்ளே போகவில்லை. கதவை இழுத்துப் பூட்டில் சாவியை நுழைத்தேன்.

உள்ளே தரையில் ஈரக்கால் ஒரு அடி வைத்தது.

இன்னொரு அடி.

கதவின் மறுபக்கம் வந்து நின்றது. மரத்துக்கு நடுவில் ஓதெகொலோன் கசிந்தது.

"அண்ணா." இருபது வயது ழுலியின் குரல், அன்று போலவே. "அம்மா நாலு நாளா வரல. பசிக்குது."

கார்க்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். சாவியைத் திருப்பிவிட்டு ஓடினால் ஐந்து எட்டில் தெரு. நான் திரும்பினேன் என்றே நினைக்கிறேன். ஒரு எட்டு வைத்தும்விட்டேன்.

"நீ போ," என்றது அது, கொஞ்சம் பொறுத்து. "நான் அவகிட்ட போறேன். அவளுக்கு பாப்பா பொறக்கப்போவுதாமே. வாசல்ல அம்மா மாதிரி நின்னா, வான்னு சொல்ல மாட்டாளா?"

சொல்வாள். கேட்டு முடிப்பதற்குள் சொல்வாள். எங்களில் யார்தான் சொல்ல மாட்டோம்?

வெளியே போய்க் காரைத் திருப்பி அனுப்பினேன். இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது, நான் வர நாளாகும் என்று ழுலிக்கு எழுதிப் போட்டேன். அறைக் கதவைத் திறந்து உள்ளே போய், அம்மாவின் பாயில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

மே மாதம் ழுலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. போட்டோ அனுப்பியிருக்கிறாள். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். எப்போது வருவாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். ஒருநாள் அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

அச்சடித்தது போல எழுதுவான் தெனிஸ் என்று ஊரில் எனக்குப் பெயர். இந்தப் பக்கங்கள் கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கை காலையிலிருந்து அவளிடம் இருக்கிறது.